கன்று என்று எழுதிய சீட்டு

பிஸ்கட் டின்னை என் மகள் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் கை உள்ளே போகிறது. மேலே கிடந்த ஒன்றிரண்டு சீட்டுகளைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுக்கிறாள். பிரிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம் என்பதால் தமிழைக் கொஞ்சம் மெதுவாகத்தான் வாசிப்பாள். உதடு அசைகிறது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

இவ்வளவுதான் காட்சி. பத்து நொடிகூட இருக்காது. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு புதன்கிழமை சாயங்காலம், கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு குடோனுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஜெப அறையில் நடந்தது. சுவரிலெல்லாம் சுக்குத் தூசி. யாராவது ஒருவர் தும்மிக்கொண்டே இருப்பார்கள். வெளியே மழை இன்னும் வலுக்கவில்லை.

இதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம், சீட்டெடுத்து உவமைக்குப் பொருள் சொல்லும் எங்கள் சபையின் வழக்கத்தைப் பற்றிப் இந்தத் தொடரில் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டுவிட்டார். இத்தனை நல்ல வழக்கத்தை ஏன் ஐயா நிறுத்தினீர்கள் என்று கேட்கிறார்.

நல்ல கேள்விதான். இந்த வயதில் நல்ல கேள்விகள் வந்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. சும்மா விட மாட்டார்கள் போல. சொல்லித் தொலைக்கிறேன்.

புதன்கிழமை உபதேசியார்

இந்தத் தொடரை இப்போதுதான் எடுத்துப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் அப்போது பகலில் குடோனில் எடை எழுதும் ஆள். மிளகு, சுக்கு, ஏலம். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் உபதேசியார். சம்பளம் கிடையாது. போதகர் எர்ணாகுளத்திலிருந்து மாதம் ஒரு முறை வருவார், மற்ற நாளெல்லாம் சபை என் தலையில்.

சபை என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. பதினைந்து பேர் வந்தால் கூட்டம் அதிகம் என்று சந்தோஷப்படுவோம். மூட்டை தூக்குகிறவர்கள், சுக்குத் தரம் பிரிக்கிற பெண்கள், ஹோட்டலில் மாவாட்டுகிற ஒருவர். எல்லோரும் திருநெல்வேலிப் பக்கமோ கன்னியாகுமரிப் பக்கமோ வேர் உள்ளவர்கள். ஆனால் பேச்சில் பாதி மலையாளம்.

பேச்சியம்மா என்று ஒருத்தி வருவாள். கார்ப்பரேஷனில் தெருக்கூட்டுகிற வேலை. அவள் கிறிஸ்தவள் இல்லை, சுடலைமாடனைக் கும்பிடுகிறவள். பக்கத்து லைனில் வீடு. கூட்டம் முடிந்ததும் கிடைக்கும் சாயாவுக்கும் பேச்சுக்கும்தான் வருகிறேன் என்று அவளே சொல்லுவாள். சபையார் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

என்னிடம் நான்கு கோடு போட்ட நோட்டுகள் இருந்தன. எனக்கு முன்னால் உபதேசியாராக இருந்தவரிடமிருந்து இரண்டு வந்தன, மீதி இரண்டு நான் எழுதியவை. சுவிசேஷங்களில் உள்ள உவமைகளில் வருகிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அர்த்தம். விதை என்றால் வசனம். பறவை என்றால் பிசாசு. எண்ணெய் என்றால் பரிசுத்த ஆவி. அடிபட்டுக் கிடந்தவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரம் என்றால் சபை. சத்திரக்காரன்கூட விடப்படவில்லை, அவனுக்கும் ஒரு அர்த்தம் உண்டு.

அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு எனக்கு இருந்த தெனாவட்டு கொஞ்சநஞ்சமல்ல. வேதத்தில் எதைக் கேட்டாலும் இவன் சொல்லிவிடுவான் என்று பேர். நானும் அதை நம்பினேன்.

குலுக்கல்

சீட்டு வழக்கம் பழைய உபதேசியார் காலத்திலேயே இருந்தது. ஒரு உவமையை எடுத்துக்கொள்வோம். அதில் வருகிற ஆட்களையும் பொருள்களையும் துண்டுக் காகிதங்களில் எழுதி மடித்து டின்னில் போடுவேன். அறையில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு. எல்லோரும் எடுக்க வேண்டும், யாரும் வெறும் கையோடு போகக் கூடாது. எடுத்ததை மாற்றிக்கொள்ளக் கூடாது. எடுத்தவர் எழுந்து நின்று தனக்கு வந்ததற்குப் பொருள் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து உட்காரும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது, உபதேசியார் உட்பட. அவர் சொன்னதை நான் நோட்டில் அப்படியே எழுத வேண்டும்.

நல்ல சீட்டு வந்தால் ஒரு வாரம் தலைநிமிர்ந்து நடப்பார்கள். களை, முள், பன்றி மாதிரி ஏதாவது வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்கக் குடோனில் கிண்டல்தான். பன்றி வந்த ஒருவரை எங்கள் மூட்டைக்காரர்கள் படுத்திய பாட்டை இன்னொரு சமயம் எழுதியிருக்கிறேன்.

கடுகு விதை உவமை எடுத்த வாரம் பெரிய சண்டை. வானத்துப் பறவைகள் வந்து தங்குகிற அளவுக்குக் கடுகு வளர்ந்ததாமே, அது எந்த ஊர்க் கடுகு என்று மூட்டை தூக்குகிறவர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் பாட்டன் காலத்திலிருந்து இந்தத் தெருவில் கடுகு மூட்டை தூக்குகிறார்கள். நான் நோட்டைப் பார்த்து, கடுகு என்றால் விசுவாசம் என்றேன். விசுவாசம் சரி, கடுகு சரியில்லையே என்றார். வலை உவமைக்குக் கும்பளங்கியிலிருந்து வந்திருந்த ஒரு உறவுக்காரர், வேண்டாத மீனை எறிகிறவன் உண்மையான வலைக்காரனே இல்லை, அதை வாத்துக்காவது போடுவான் என்று சாதித்தார். எல்லாவற்றையும் எழுதினேன்.

பேச்சியம்மாவுக்கு ஒருமுறை விளக்குமாறு வந்தது. காணாமல் போன வெள்ளிக்காசைத் தேடி ஒரு பெண் வீட்டைக் கூட்டுகிறாளே, அந்த உவமை. என் நோட்டில் பெண்ணுக்கு அர்த்தம் உண்டு, காசுக்கு உண்டு, விளக்குக்குக்கூட உண்டு. விளக்குமாற்றுக்கு எதுவும் இல்லை, முப்பது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. பேச்சியம்மா எழுந்து, தொலைந்தது கிடைத்தால் எல்லாரும் காசைத்தான் கொண்டாடுவார்கள், வாரியலைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவார்கள், எங்களுக்கு அது தெரியும் என்றாள். உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆமென் சொல்லவில்லை, சொல்ல மறந்துவிட்டார்கள்.

ஒரு திருட்டுத்தனம்

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் குலுக்கல் நேர்மையானது அல்ல.

ஆரம்பத்தில் நேர்மையாகத்தான் நடத்தினேன். ஒரு வாரம், புருஷனைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு பெண்ணுக்கு, கன்னிகைகள் உவமையில் வருகிற அடைக்கப்பட்ட கதவு வந்துவிட்டது. அவள் எழுந்து நின்று சீட்டைப் பார்த்தபடி அழுதாள். பொருள் சொல்லவே இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அதற்குப் பிறகு சிலருக்கு எது போக வேண்டும் என்று நானே முடிவு செய்ய ஆரம்பித்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மற்ற சீட்டுகளை ஒரு மடிப்பு மடிப்பேன். குறிப்பிட்ட ஆளுக்கானதை இரண்டு மடிப்பு மடித்து ஒரு முனையைத் திருகிவிடுவேன். டின் என் கையில்தானே இருக்கிறது. அந்த ஆள் முன்னால் வரும்போது டின்னைச் சாய்த்து அதை விரலுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்துவிடுவேன். திருகிய சீட்டு கைக்குத் தட்டுப்படும், எடுத்துவிடுவார்கள். எல்லாம் கடவுள் கொடுத்தது என்று அவர்கள் நம்பினார்கள். இரக்கத்தில் தொடங்கியது, போகப்போக வசதியாகிவிட்டது. யார் எதைப் பேச வேண்டும் என்பது என் கைக்குள் இருந்தது.

சாம் வந்தான்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சாம், அவனைவிட ஐந்து வயது இளையவள் ஜெயா. அவர்கள் அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. சாம் இருபது வயதில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பம்பாய்க்குப் போய்விட்டான். நாலு வருஷம். ஒரே ஒரு கடிதம், அதிலும் விலாசம் இல்லை.

ஜெயா பள்ளிக்கூடம் முடித்து, மங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப்போட்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது. அந்தத் தபால் வந்த நாளில் அவள் லைன் முழுக்க ஓடினாள். பேச்சியம்மா வீட்டில் காட்டி, சாயாக்கடைச் சேட்டனிடம் காட்டி, கடைசியாகக் குடோனுக்கே வந்து என்னிடம் காட்டினாள். வெள்ளைத் துணி வாங்கித் தையற்கடையில் கொடுத்திருந்தாள். ஒரு டிரங்குப் பெட்டியைத் துடைத்து, கன்றுக்குட்டி மாதிரி அதைச் சுற்றிச்சுற்றி வந்தாள். இன்னும் மூன்று வாரத்தில் கிளம்ப வேண்டும்.

அப்போதுதான் சாம் வந்தான். ஒரு தோள்பை, ஒரு இருமல். பிள்ளை பாதியாய் மெலிந்திருந்தான். தெருமுனையில் அவனைப் பார்த்ததும் எடைச்சீட்டையெல்லாம் போட்டுவிட்டு ஓடினேன். உபதேசியார் தெருவில் ஓடுவதை ஊரே பார்த்தது. கெட்ட குமாரன் கதையில் அப்பா ஓடுவாரே, அப்படித்தான் நானும் ஓடினேன், அது எனக்கே தெரிந்திருந்தது. அந்தப் பெருமையும் எனக்குள் இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

டி.பி. என்றார்கள். முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி, பிறகு ஆறு மாதம் மாத்திரை. நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும், மருந்தை நடுவில் விட்டுவிட்டால் திரும்ப முதலிலிருந்து.

வந்த மூன்றாம் நாள் கோழி எடுத்தோம். ஜெயா பின்கட்டில் உட்கார்ந்து கோழியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்றபடி, இந்த வருஷம் மங்களூர் வேண்டாம், அண்ணனைப் பார்த்துக்க ஆள் வேணும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. "ம்" என்றாள். கையை மட்டும் கழுவினாள், கோழியைத் திரும்ப எடுத்தாள். எனக்கு அதுவே சம்மதமாகப் பட்டது. சம்மதமாகப் படட்டும் என்று நான்தான் வைத்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை

நன்றி சொல்லும் விதமாக அந்த வாரம் கெட்ட குமாரன் உவமையை எடுத்தேன். வேறு எதை எடுப்பேன்? சொத்தில் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்த இளைய மகன் திரும்பி வருகிறான், அப்பா கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார், வீட்டிலேயே இருந்த மூத்த மகன் கோபித்துக்கொள்கிறான்.

சீட்டுகளைப் பார்த்துப்பார்த்து எழுதினேன். தகப்பன், இளைய மகன், மூத்த மகன், தூரதேசம், தவிடு, வஸ்திரம், பாதரட்சை, வாத்தியச் சத்தம், வேலைக்காரன், பஞ்சம், பன்றி, முத்தம், வயல். ஜெயாவுக்கு மோதிரம் என்று முடிவு செய்திருந்தேன். மோதிரம் என்றால் பிள்ளை என்கிற உரிமை. அதைப் பற்றிப் பேசினால் அவள் மனசு இளகும், அண்ணனுக்காகச் சந்தோஷப்படுவாள் என்று கணக்குப் போட்டேன். மோதிரத்தை இரண்டு மடித்து முனையைத் திருகினேன்.

உண்மையைச் சொன்னால், அவள் மூத்த மகன் மாதிரி முறுக்கிக்கொள்வாள் என்றுதான் எனக்குப் பயம். வீட்டிலேயே இருந்த பிள்ளை கோபித்துக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் இரண்டு பக்கம் தயாராக இருந்தது.

கன்றை நான் எழுதவே இல்லை. கொழுத்த கன்று என்றால் பாவிகளுக்காக அடிக்கப்பட்ட கிறிஸ்து. நோட்டில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதில் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கூட்டம் தொடங்கியபோது சாம் வந்து நின்றான். படுத்திரு என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். துண்டை வாயில் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்தான். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு சீட்டு குறைந்தது. அவசரத்தில் ஒரு துண்டு கிழித்தேன். மிச்சம் இருந்தது கன்றுதான், அதை எழுதி மடித்துப் போட்டேன். மடித்த கை பழக்கதோஷத்தில் முனையைத் திருகிவிட்டது. டின்னை நீட்டிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்ற பிறகுதான், திருகிய சீட்டு உள்ளே இரண்டு இருப்பதைப் பார்த்தேன்.

அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். மோதிரம் சாமுக்குப் போயிற்று. அவன் சீட்டைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒண்ணும் தோணலப்பா என்று மட்டும் சொன்னான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. அடுத்து ஜெயா எழுந்தாள்.

"எனக்குக் கன்னு வந்திருக்கு. இந்தக் கதைல அப்பா பேசுறாரு. போயிட்டு வந்த மகன் பேசுறான். வீட்ல இருந்த மகன் கோவிச்சிட்டுப் பேசுறான். வேலைக்காரன்கூட ஒரு வார்த்தை பேசுறான். கன்னு பேசல."

அவள் குரல் உயரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்புவிக்கிற பிள்ளை மாதிரிதான் சொன்னாள். கன்றைப் பற்றி மூன்று இடத்தில் வருகிறது, அப்பா ஒரு தடவை சொல்கிறார், வேலைக்காரன் ஒரு தடவை, மூத்த மகன் ஒரு தடவை. மூன்று தடவையும் அதை அடிப்பதைப் பற்றித்தான் பேச்சு என்றாள். நான் எத்தனையோ முறை அந்தப் பகுதியை வாசித்திருக்கிறேன். எண்ணிப் பார்த்ததில்லை.

"தனியா கட்டிவச்சு, தீனி போட்டு வளத்த கன்னு அது. இவன் வருவான்னு யாருக்கும் தெரியாதே. பின்னே எதுக்கு வளத்தாங்க? வேற ஏதோ நல்லதுக்கு வச்சிருந்திருக்காங்க. அது என்னதுன்னு கதைல இல்ல. இவன் வந்துட்டான், இதப் பிடிச்சிட்டாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினைந்து பேரும் சீட்டைப் பார்ப்பது மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சாம் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான். அவள் இன்னும் உட்காரவில்லை, பேசி முடிக்கவில்லை. நான் குறுக்கே பேசினேன். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கன்று கிறிஸ்து என்றேன். சபைக்கே பொதுவாகச் சொல்வது மாதிரி, பாவிகளுக்காக அடிக்கப்பட்டவர் அவர், இதில் வேறு பொருள் இல்லை என்று சொல்லி முடித்தேன். இரண்டு மூன்று பேர் நிம்மதியாக ஆமென் சொன்னார்கள். சொன்னதும் அந்த அறையிலிருந்து கன்று காணாமல் போய்விட்டது. அர்த்தம் தெரிந்தவன் கையில் இருக்கிற சௌகரியம் அது. எது கண்ணை உறுத்துகிறதோ அதன் மேல் ஒரு பெரிய பெயரைப் போர்த்திவிடலாம்.

ஜெயா நின்றுகொண்டே இருந்தாள்.

"கிறிஸ்து தன் உயிரத் தானா குடுத்தாருன்னு நீங்கதானப்பா சொல்லிக்குடுத்தீங்க. அவரு சரின்னு சொன்னாரு. என்கிட்ட யாரும் கேக்கல."

உட்கார்ந்துவிட்டாள். நான் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தேன். நோட்டில் அவள் சொன்னதை எழுத வேண்டும் என்பது விதி. கன்று, கோடு, கிறிஸ்து என்று எழுதி மூடினேன்.

பேச்சியம்மா கேட்டது

சாயா குடித்துக் கலைகிற நேரத்தில் பேச்சியம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, நான் காலைல அந்த ஆஸ்பத்திரி ரோடுதான் கூட்டுறேன். தம்பிய நான் கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுட்டு வாரேன். மத்தியானம் எங்க வீட்ல கஞ்சி இருக்கும். பிள்ள மங்களூர் போயிட்டு வரட்டும்."

இதைவிட நேரான வழி இருக்க முடியுமா? நானும் காலையில் ஒரு மணி நேரம் பிந்தி வருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டிருக்கலாம், அவர் ஒன்றும் அரக்கன் இல்லை. இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நான் மாட்டேன் என்றேன். உபதேசியார் மகனுக்குச் சுடலைமாடனைக் கும்பிடுகிறவள் வீட்டுக் கஞ்சியா என்று சபை பேசும் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பதினைந்து பேர் முன்னால் கன்று கிறிஸ்து என்று சொல்லிவிட்டேன். இப்போது அவளைப் போக விட்டால் அவள் சொன்ன அர்த்தம்தான் சரி என்று ஆகிவிடும். அதுதான் பெரிய காரணம். ஒரு உவமையின் வியாக்கியானத்தில் தோற்கக் கூடாது என்பதற்காக என் பெண்ணின் படிப்பைக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கடந்தது. ஒவ்வொரு நாளும் நான் வேலை முடிந்து வரும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். கிளம்ப வேண்டிய தேதி ஒரு சாதாரண நாள் மாதிரி போயிற்று. தையற்கடையிலிருந்து வெள்ளைத் துணியை வெட்டாமலேயே திருப்பி வாங்கிவந்தாள். சாம் இருமும்போது வாயைப் பொத்திக்கொள்ள அதைச் சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்தாள். தினமும் கொதிநீரில் போட்டு எடுத்துக் கொடியில் காயப்போடுவாள்.

சாம் பிழைத்தான். அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது மஸ்கட்டில் இருக்கிறான், பண்டிகைக்குப் போன் பண்ணுவான். மங்களூரில் அடுத்த வருஷம் ஜெயாவுக்கு இடம் இல்லை என்றார்கள். அதற்கடுத்த வருஷம் அவளே எழுதிப்போடவில்லை. தேவராவில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

புதன்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவாள். டின் தன்னிடம் வரும்போது, உள்ளே கை விடாமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடுவாள். நான் ஒன்றும் சொல்ல முடியாது. சில மாதங்களில் எனக்கு அந்த டின்னைத் தூக்கவே தெம்பில்லாமல் போயிற்று. போதகருக்குப் பிடிக்கவில்லை என்று சபையில் ஒரு பொய்யைச் சொல்லி நிறுத்தினேன். நாகர்கோவில் அம்மாவுக்கு இதுதான் பதில்.

ஐந்து நிமிஷம்

நியாயமாக இங்கேயே முடித்திருக்க வேண்டும். மனசு முடிக்க விடவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அப்போது ஜெயாவுக்குக் கல்யாணமாகித் தேவராவில் குடியிருந்தாள். மாப்பிள்ளை கப்பல் பட்டறையில் வெல்டர். என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து. மருந்து விட்டு ஐந்து நிமிஷம் கண்ணைத் திறக்கக் கூடாது.

அவள் மருந்து விடுகிற அழகைச் சொல்ல வேண்டும். இமையை இழுப்பதே தெரியாது. மணிக்கட்டு நெற்றியில் லேசாகப் படும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ நர்ஸுகள் விட்டார்கள், ஒருத்திக்கும் அந்தக் கை இல்லை.

அந்த வருஷங்களிலெல்லாம் நான் எனக்கே ஒரு பொருள் சொல்லி வைத்திருந்தேன். நான் செய்தது ஒரு மரியாதைக் குறைவு, கேட்காமல் விட்டேன், அதுதான் தப்பு. கேட்டிருந்தால் அவளே இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள், அவ்வளவு பாசமுள்ள பெண். ஆக நடந்தது எப்படியும் நடந்திருக்கும். இதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்கினேன்.

ஒரு மத்தியானம், மருந்து விட்டுவிட்டு அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்ததால் எனக்குத் தைரியம் வந்தது. கேட்டுவிட்டேன்.

"ஜெயா, அன்னைக்கு நான் உன்கிட்டக் கேட்டிருந்தா, இருக்கேன்னுதானே சொல்லியிருப்ப?"

பாட்டிலை மூடுகிற சத்தம் கேட்டது. யோசிக்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை.

"இல்லப்பா. மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

கோபம் ஒரு துளி இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன், அழுதிருப்பேன். எதற்கும் இடம் கொடுக்கவில்லை அவள்.

"அது உங்களுக்கு அப்பவே தெரியும். அதனாலதான் நீங்க கேக்கல."

ஆமாம் என்றேன்.

"கண்ணத் திறக்காதீங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."